வகுப்பு கைமீறும்போது எங்கே பார்ப்பது: அறிகுறி வாரியாகப் பழுது தேடும் வழி

பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் வந்தால் "அந்தப் பசங்களே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அங்கிருந்து பார்த்தபோது கதையே வேறாக இருந்தது. சேட்டை தொடங்கிய இடங்களில் பெரும்பாலானவை, பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றுமில்லாத நேரமாகவோ செய்ய முடியாத ஒன்றைக் கொடுத்த நேரமாகவோ இருந்தன. அதனால் இப்போது யார் வந்து புலம்பினாலும் முதலில் பாடத்தைப் பார்ப்போம், பிள்ளையைக் கடைசியில் பார்ப்போம் என்றுதான் சொல்கிறேன்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே காரணங்களை எளிதிலிருந்து செலவு கூடியது வரை வரிசையாக வைத்திருக்கிறேன். இங்கே செலவு என்பது உங்கள் நேரமும் உழைப்பும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ஒரே நாளில் ஐந்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

## எதையும் தொடும் முன்

மூன்று நாள், ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். சத்தம் தொடங்கிய நேரம், அப்போது நீங்கள் செய்துகொண்டிருந்தது, அப்போது மாணவர்கள் செய்திருக்க வேண்டியது. "யார்" என்ற பத்தி வேண்டாம். அதைப் போட்டால் அந்தப் பத்தி மட்டும்தான் நிரம்பும்.

மூன்றாவது பத்தி அடிக்கடி காலியாக இருந்தால் பாதிப் பழுது கண்டுபிடித்தாயிற்று.

## அறிகுறி: பாடம் தொடங்கவே பத்து நிமிடம் ஆகிறது

மணி அடித்துவிட்டது. நீங்கள் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறீர்கள், சாக்பீஸ் தேடுகிறீர்கள், நேற்று வராதவரிடம் காரணம் கேட்கிறீர்கள். அதற்குள் பின்வரிசையில் ஒரு சந்தை கூடிவிடுகிறது.

உள்ளே வருகிற பிள்ளைக்கு வேலை இல்லை. மணி அடித்ததிலிருந்து கடைசி மாணவர் பேனாவைத் திறக்கும் வரை கடிகாரத்தைப் பாருங்கள். நான்கு நிமிடத்துக்கு மேல் போகிறது என்றால் பழுது இங்கேதான். போர்டில் எப்போதும் ஒரே மூலையில், நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு கேள்வி எழுதி வையுங்கள். எல்லோராலும் எழுத முடிகிற அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். முதல் வாரம் "இது எதுக்கு மிஸ், மார்க் உண்டா?" என்று கேட்பார்கள். இரண்டாம் வாரம் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே வந்து உட்காருவார்கள். கெட்டிக்காரத்தனமாகக் கடினமான கேள்வி போட்டுவிடாதீர்கள். முதல் நிமிடத்திலேயே பாதி வகுப்பை இழந்துவிடுவீர்கள்.

நீங்கள் தயாராக இல்லை. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கம் தேடுகிற ஆசிரியரைப் பிள்ளைகள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கத்துக்கு ஒரு சீட்டு வைத்தால் முடிந்தது.

முந்தைய பீரியட் விளையாட்டு. உடம்பு இன்னும் மைதானத்தில் இருக்கும். இரண்டு நிமிடம் தண்ணீர் குடிக்க விட்டு, பிறகு எழுத்து வேலையில் தொடங்குங்கள், விளக்கத்தில் தொடங்காதீர்கள்.

## அறிகுறி: பாடம் நடக்கும்போதே சலசலப்பு

எல்லோரும் சொல்கிற புகார் இது. எப்போது கிளம்புகிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும், அதனால் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

### போர்டு பக்கம் திரும்பியதும் கிளம்பினால்

எட்டாம் வகுப்பில் எனக்கே நடந்தது. திரும்பி எழுதினால் காகித ராக்கெட். திரும்பிப் பார்த்தால் நாற்பது அப்பாவி முகங்கள். இரண்டு வாரம் கத்தினேன், மூன்று பேரை வெளியே நிறுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சக ஆசிரியர் ஒருவரைப் பின்னால் உட்காரச் சொன்னேன். அவர் யாரையும் கவனிக்கவில்லை, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் முதுகைக் கவனித்தார். ஒரு கணக்கை எழுதி முடிக்க ஒரு நிமிடம் நாற்பது நொடி. அவ்வளவு நேரமும் பிள்ளைகள் பார்த்தது என் சட்டையின் பின்பக்கத்தைத்தான். அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

சரிசெய்ய, நீளமானதை வகுப்பு தொடங்கும் முன்பே எழுதி ஒரு தாளால் மறைத்து வையுங்கள். முடியாவிட்டால் பக்கவாட்டில் நின்று, இரண்டு வரி எழுதி நிறுத்தி, "அடுத்த வரி என்னவாக இருக்கும், நோட்டில் எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். எனக்கு ராக்கெட் அந்த வாரமே நின்றது. ராக்கெட் விட்டவன் யாரென்று இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் தேவைப்படவில்லை.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970இல் முடிவுகளை வெளியிட்டார். சேட்டை நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் அவருக்குப் பெரிய வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. முழு வகுப்பையும் கண்ணில் வைத்திருப்பது, பாடத்தை அறுந்துபோகாமல் நகர்த்துவது, இவைதான் நல்ல வகுப்பைத் தனித்துக் காட்டின. என் முதுகு அன்று இரண்டிலும் தோற்றது.

### ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கிளம்பினால்

"புத்தகத்தை மூடுங்க, நோட்டை எடுங்க, தேதி போடுங்க, அப்புறம் குழுவாப் பிரியுங்க, அதுக்கு முன்னாடி வீட்டுப்பாடத்தைக் கொடுத்துடுங்க." இதை ஒரே மூச்சில் சொன்னால் யாருக்கும் எதுவும் நினைவில் நிற்காது. பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். அவர் இன்னொருவரைக் கேட்பார். நீங்கள் அதைச் சத்தம் என்று நினைப்பீர்கள்.

சோதனை எளிது. சொல்லி முடித்ததும் நடுவரிசையில் ஒருவரிடம் "இப்போ என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். முழித்தால் பழுது உங்கள் வாக்கியத்தில் இருக்கிறது. ஒரு சமயத்தில் ஒரு கட்டளை. எல்லாக் கையும் நின்ற பிறகு அடுத்தது. எத்தனை நிமிடம் என்பதையும் சொல்லுங்கள், போர்டில் எழுதுங்கள். குழுவாகப் பிரிவதென்றால், என்ன செய்யப்போகிறார்கள் என்பதை நகர்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நகர்ந்த பிறகு உங்கள் குரல் எடுபடாது.

### நீங்கள் பேசப் பேச ஏறிக்கொண்டே போனால்

தொடர்ந்து எத்தனை நிமிடம் பேசுகிறீர்கள் என்று அலைபேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை. சின்ன வகுப்பென்றால் ஐந்தாறு நிமிடத்திலும், பெரிய வகுப்பென்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்திலும் ஒருமுறை பிள்ளைகளின் கை எதையாவது செய்ய வேண்டும் என்பது என் கைக்கணக்கு. விடையை எழுதுவது, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வரியில் சொல்வது, படத்தில் பெயர் குறிப்பது, எதுவாக இருந்தாலும் சரி. "புரிஞ்சுதா?" என்று கேட்பது இதில் சேராது. அதற்கு எல்லா ஊரிலும் "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும்.

### காலையிலிருந்து மாலை வரை ஒரே இரைச்சல் என்றால்

இருக்கை அமைப்பைப் பாருங்கள். நீங்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் நடந்து போக வழி இருக்கிறதா? எட்ட முடியாத மூலை ஒன்று இருந்தால் சத்தம் அங்கேதான் குடியிருக்கும். பெஞ்சுகளை இழுத்து வழி உண்டாக்குங்கள், நீங்களும் ஒரே இடத்தில் நிற்காதீர்கள். பேசுகிற இருவருக்கு நடுவில் நின்று, அவர்களைப் பார்க்காமல், பாடத்தையும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முழு வகுப்பும் பாடத்தை விட்டு அங்கே திரும்பும்.

இத்தனைக்குப் பிறகும், மற்ற ஆசிரியர்களின் பீரியடிலும் இதே நிலை என்றால் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். தலைமையாசிரியரிடம் போய், எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்ற ஒரு கூட்டம் போடச் சொல்லுங்கள்.

## அறிகுறி: கேள்வி கேட்டால் அதே நாலு கை

மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று விட்டுவிடுகிறோம். சும்மா இருப்பவர்தான் பத்து நிமிடத்தில் பக்கத்து பெஞ்சைச் சீண்டுவார்.

காத்திருக்கவில்லை. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுக்குக்கூடக் காத்திருப்பதில்லை என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் கண்டறிந்து எழுதினார். அதை மூன்று நொடியாக்கியபோது விடைகள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று நொடி கேட்பதற்குக் கொஞ்சம்தான். வகுப்பின் முன் நின்று பாருங்கள், ஒரு யுகம் போலிருக்கும். மனதுக்குள் எண்ணுங்கள்.

பெயரை முதலில் சொல்கிறீர்கள். "குமார், இதுக்கு விடை சொல்லு" என்றால் குமாரைத் தவிர எல்லோருக்கும் விடுமுறை. கேள்வி, இடைவெளி, பிறகு பெயர். வரிசையை மாற்றுவதற்கு ஒரு செலவும் இல்லை.

கை தூக்குபவரை மட்டுமே கேட்கிறீர்கள். எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு, குலுக்கி எடுங்கள். எடுத்த சீட்டைத் திரும்ப உள்ளே போட்டுவிட வேண்டும். பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். சீட்டை வெளியே வைத்தால், ஒருமுறை பதில் சொன்னவர் அன்றைக்குக் கடையைக் கட்டிவிடுவார். தெரியவில்லை என்பவரைத் துளைக்காமல், இன்னொருவரிடம் விடை வாங்கி, மறுபடி இவரிடமே வந்து அதைத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள்.

தவறினால் சிரிக்கிறார்கள். இது செலவு கூடியது, வாரக்கணக்காகும். சின்ன சிலேட்டோ பழைய தாளோ கொடுத்து எல்லோரையும் ஒரே நேரத்தில் விடை எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முப்பது விடைக்கு நடுவில் ஒரு தவறு யார் கண்ணிலும் படாது, உங்கள் கண்ணில் மட்டும் படும்.

## அறிகுறி: எழுதச் சொன்னதும் நடமாட்டம்

கழிப்பறை, தண்ணீர், ரப்பர் கடன், குப்பைத்தொட்டியருகே பென்சில் சீவல். ஒருவன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறான். ஒரே பீரியடில் பென்சிலைக் கட்டைவிரல் அளவுக்குச் சீவிவிட்டான். சேட்டைக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தவன். அவன் நோட்டை எடுத்துப் பார்த்தால் போர்டில் இருந்த "38" அங்கே "33" ஆகியிருந்தது, சொற்கள் பாதியில் நின்றிருந்தன. பக்கத்துப் பையன் நோட்டிலிருந்து எழுதிய பகுதிகள் மட்டும் சரியாக இருந்தன. முன்வரிசைக்கு மாற்றினேன், சீவல் குறைந்தது. வீட்டில் சொல்லிக் கண் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். கண்ணாடி வந்த பிறகு அவனிடம் நீளமான பென்சில்கள் இருந்தன.

பார்க்க வேண்டிய வரிசை:

பொருள் இல்லை. மேசையில் நாலு பென்சில், இரண்டு ரப்பர் வையுங்கள். விசாரணை வேண்டாம், எடுத்துக்கொண்டு போகட்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வேலை கொடுத்து இரண்டு நிமிடம் கழித்து, பின்தங்கிய மூன்று பேரின் நோட்டை மட்டும் போய்ப் பாருங்கள். முதல் வரி இல்லையென்றால் வேலை அவர்களுக்குப் பெரியது. முழுதாகச் செய்து காட்டிய ஒரு கணக்கு, பாதி செய்து விட்ட ஒன்று, அதன் பிறகே தனியாக ஒன்று என்று படிகட்டுங்கள். பாதி செய்த கணக்கின் அருமை அதைக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வெற்றுத் தாளைப் பார்த்து எழுந்து ஓடுகிறவன், பாதித் தாளை முடித்துவிட்டுத்தான் நிமிர்வான்.

போர்டு தெரியவில்லை, குரல் கேட்கவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்ப்பது, "என்ன சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்த பிறகே நோட்டை எடுப்பது ஆகியவை அடையாளங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சளி பிடித்த பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டினால் கேட்கும் திறன் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. "நேத்து கேட்டுச்சே, இன்னிக்கு மட்டும் நடிக்கிறானா?" என்று நாம் எரிச்சல்படுவோம். முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் பெற்றோரிடம் சொல்லிக் கண், காது பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

வாசிப்பதே தடை. வாயால் கேட்டால் விடை சொல்கிறார், படித்து எழுதச் சொன்னால் ஓடுகிறார் என்றால் ஒரு பத்தியைத் தனியாக உங்களிடம் வாசிக்கச் சொல்லுங்கள், வகுப்பின் முன் வேண்டாம். வயதுக்கு மிகவும் பின்தங்கியிருந்து, சில மாதம் கூடுதல் உதவி கொடுத்தும் நகரவில்லை என்றால் சிறப்புக் கல்வியாளரிடம் போக வேண்டிய இடம் இது. அதற்கு முன் "சோம்பேறி" என்ற சொல்லை எங்கேயும் எழுதிவைக்காதீர்கள்.

## அறிகுறி: முடித்தவர்கள் வம்பு செய்கிறார்கள்

பழுது வெளிப்படை. வேலை தீர்ந்துவிட்டது. இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது தண்டனை, அடுத்த முறை மெதுவாகச் செய்வார்கள். மாறாக, இதே கணக்குக்கு இன்னொரு வழி கண்டுபிடி, இதைப் போல ஒரு கேள்வி நீயே உருவாக்கு, இந்தத் தப்பான விடையில் எங்கே பிழை என்று தேடு என்று கொடுங்கள். ஆனால் முடித்தவரையே எப்போதும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளையும் படிக்கத்தான் வந்திருக்கிறது.

## அறிகுறி: வகுப்பு சரி, ஒரே ஒருவர்தான்

இங்கேதான் பிள்ளையைப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு வரிசை உண்டு.

சேட்டையால் அவருக்கு என்ன கிடைக்கிறது? ஐந்து சம்பவங்களை எழுதுங்கள்: முன்னால் நடந்தது, அவர் செய்தது, பின்னால் கிடைத்தது. வகுப்பு சிரித்ததா, வேலையிலிருந்து தப்பித்தாரா? "வெளியே போ" என்று ஒவ்வொரு முறையும் அனுப்பினால், வேலை பிடிக்காத பிள்ளைக்கு நீங்கள் பரிசு கொடுக்கிறீர்கள். தப்பிப்பதற்காக என்றால் மேலே சொன்ன எழுத்து வேலைச் சோதனைகளுக்குத் திரும்பிப் போங்கள். கவனத்துக்காக என்றால், சேட்டை செய்யும் முன்பே கொடுத்துவிடுங்கள். முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒருமுறை அவர் பக்கத்தில் போய் நோட்டைப் பார்த்து ஒரு வார்த்தை.

எதிர்த்துப் பேசுகிறார் என்றால் வகுப்பின் முன் வாக்குவாதத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். முப்பது பேர் பார்க்கும்போது அவரால் இறங்கி வர முடியாது, உங்களாலும் முடியாது. "பீரியட் முடிஞ்சதும் பேசலாம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை எடுத்து நகர்ந்துவிடுங்கள். பிறகு மறக்காமல் பேசுங்கள். இரண்டாவதைப் பலர் செய்வதில்லை.

எங்குமே அடங்கவில்லை என்றால் மற்ற ஆசிரியர்களையும் பெற்றோரையும் கேளுங்கள். உங்கள் பீரியடில் மட்டும் என்றால் பழுது பாடத்திலோ உங்கள் இருவருக்கிடையிலோ இருக்கிறது. வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேலாக நிலைகொள்ளாமல், ஒரு வேலையிலும் கவனம் நிற்காமல் இருந்தால் கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் குறைபாடு இருக்கிறதா என்று குழந்தைநல மருத்துவரோ மனநல மருத்துவரோ பார்க்க வேண்டும். அந்தப் பெயரை நீங்கள் சூட்டாதீர்கள். பார்த்ததை மட்டும் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி: சத்தமே இல்லை, ஆளும் இல்லை

தூங்குகிறவர்களும் வெறித்துப் பார்ப்பவர்களும் தொந்தரவு தராததால் கடைசியாகத்தான் நம் கண்ணில் படுகிறார்கள்.

தூங்கினால் முதலில் எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேளுங்கள், கிண்டலாகக் கேட்காதீர்கள். 6 முதல் 12 வயதுக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். இரவு அலைபேசியா, வீட்டு வேலையா, உடம்பு சரியில்லையா என்பதைப் பொறுத்து அடுத்த ஆள் யார் என்பது மாறும்.

வெறித்துப் பார்த்தால், பக்கத்தில் போய்ப் பெயரைச் சொல்லித் தோளை மெதுவாகத் தொடுங்கள். பகல் கனவு என்றால் திடுக்கிட்டுத் திரும்புவார். எழுதிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருக்கும்போதே சட்டென்று நின்று, சில நொடி, தொட்டாலும் அசையாமல், சில சமயம் இமை துடிக்க இருந்துவிட்டு, பிறகு எதுவுமே நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார் என்றால், நாளில் பலமுறை அப்படி நடக்கிறது என்றால், அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். இதில் உங்கள் வேலை, எத்தனை முறை, எத்தனை நொடி என்று குறித்துப் பெற்றோரிடம் கொடுத்து உடனே மருத்துவரிடம் அனுப்புவது. "கவனி!" என்று அதட்டி எந்தப் பயனும் இல்லை.

## அறிகுறி: நன்றாக இருந்தவர் திடீரென்று மாறிவிட்டார்

மேலே உள்ள எந்தச் சோதனையையும் செய்துகொண்டிருக்க வேண்டாம். மதிப்பெண் சரிவு, நண்பர்களை விட்டு விலகல், காரணமில்லாத கோபம், பள்ளிக்கு வரவே பயம் என்று இரண்டு வாரத்துக்குள் ஆள் மாறினால் அந்த வாரமே பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள். உடம்பில் காயம் தெரிந்தாலோ, செத்துப்போகலாம் என்பது போல ஏதாவது பேசினாலோ எழுதினாலோ, அன்றே, அந்தப் பிள்ளையைத் தனியாக விடாமல். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கேட்பார்கள். அந்த வாக்கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். "உனக்கு உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள்.

## நிபுணரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

வெறுங்கையோடு போய் "ரொம்பச் சேட்டை சார்" என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு வாரக் குறிப்பு, தேதியும் நேரமும் போட்டு. முன்னால், நடந்தது, பின்னால் என்ற மூன்று பத்தி. மாணவரின் நோட்டில் நன்றாக எழுதிய ஒரு பக்கம், எழுதாமல் விட்ட ஒரு பக்கம். இருக்கை மாற்றியதோ வேலையைப் படிகட்டியதோ, நீங்கள் முயன்றதெல்லாம், எது எத்தனை நாள் வேலை செய்தது என்பதோடு. அப்புறம், அந்தப் பிள்ளை எந்தப் பீரியடில், எந்த வேலையில் ஒழுங்காக இருக்கிறது என்ற ஒரு வரி. இதை யாரும் எழுதிக்கொண்டு வருவதில்லை, நிபுணர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.